ஜனவரி வரட்டும்

எங்கள் கில்லிஸ் துறையில் பாதிப் பேர் மெக்னீல், மீதிப் பேர் மெக்டொனால்ட். கடற்கரையில் நின்று "ஹெக்டர் மெக்னீல்!" என்று கூப்பிட்டால் மூன்று தலை திரும்பும். அதனால் கேப் பிரெட்டன் தீவில் பட்டப்பெயர் இல்லாமல் யாரும் சாகவும் முடியாது. செய்தித்தாளில் இரங்கல் போடும்போதுகூட அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டால்தான் ஆள் யாரென்று தெரியும். ஒருவன் நெட்டை ஹெக்டர். ஒருவன் தபால் ஹெக்டர். மூன்றாவது ஆள் என் பக்கத்து வீட்டுக்காரன், டிவிடெண்ட் ஹெக்டர். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அவர் இவர் என்று மரியாதை போட்டு எழுத எனக்கு வராது.

அந்தப் பெயரை அவனே தேடிக்கொண்டான். புதன்கிழமைதோறும் என் சமையலறையில் டராபிஷ் சீட்டாட்டம் நடக்கும். ஹெக்டரும் அவன் பெண்டாட்டி எஃபியும் ஒரு ஜோடி; நானும் படகுக்கார லியோ பெட்ரியும் எதிர் ஜோடி. ஒரு நாள் நான் டெலிபோன் பில்லைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"என் பில்லை டெலிபோன் கம்பெனியே கட்டிடுது, ஜெஸ்ஸி," என்றான் ஹெக்டர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன், உன் குரல் அவ்ளோ இனிமையா இருக்காமா?"

"டிவிடெண்ட்."

அவ்வளவுதான். மறுநாளே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கம்பெனி லாபத்தில் பங்குக்காரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிள்ளிக் கொடுக்கிறதே, அந்தக் காசுக்காக ஒரு மனுஷனுக்குப் பெயர் வைத்த ஊர் கனடாவிலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

இரும்பாலையை மூடினபோது அவனுக்கு ஐம்பத்துச் சொச்சம் வயது. கணக்கை முடித்துக் கையில் ஒரு தொகை கொடுத்தார்கள். மற்றவர்கள் புது வண்டி வாங்கினார்கள், கூரை மாற்றினார்கள், சிலர் ஃபுளோரிடா போய்விட்டு முகம் சிவந்து வந்தார்கள். ஹெக்டர் எங்கள் தீவிலேயே இருக்கிற சிட்னி டவுனுக்குப் போய் மொத்தத்தையும் டொராண்டோ சந்தைப் பங்குகளில் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வீட்டுக்கு வந்து மீன் கட்லெட் சாப்பிட்டான். எஃபி என் வீட்டுக்கு ஓடிவந்து மூக்கைச் சிந்தினாள்.

"வேலையும் போச்சு. இருந்த காசையும் டொராண்டோக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்துட்டு வந்து, கட்லெட்ல உப்பு கம்மிங்கறான், ஜெஸ்ஸி!"

நானும் அவளோடு சேர்ந்து அவனைத் திட்டினேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் ஆள் சும்மா கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. அவனுக்கு ஒரு வழி இருந்தது. நாம் யாருக்கு மாதாமாதம் பில் கட்டுகிறோமோ, கட்டாமல் தப்பவே முடியாதோ, அந்தக் கம்பெனியில்தான் பங்கு வாங்க வேண்டும் என்பான். விளக்கு, டெலிபோன், பாங்க், எரிவாயுக் குழாய். அதிலும் பஞ்ச காலத்தில்கூட டிவிடெண்டைக் குறைக்காதவனா என்று பார்ப்பான். சம்பாதிப்பதற்கு மேல் அள்ளிக் கொடுக்கிறவன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். "எட்டு பர்சன்ட் தர்றேன்னு சொல்றவன் கடன் வாங்கித் தர்றான். அவன் சிரிப்பைப் பாத்து மயங்காதே," என்று எனக்கே எத்தனை முறை சொல்லியிருக்கிறான். அவன் பேச்சைக் கேட்டு நானும் கொஞ்சம் வாங்கினேன். இன்றைக்கும் என் வீட்டுக் கணப்புக்கு எண்ணெய் ஊற்றுவது அந்தக் காசுதான். அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப் போகும்.

முதலைத் தொடக் கூடாது, வருகிறதை மட்டும் சாப்பிட வேண்டும். அது அவன் சட்டம். எஃபிக்குப் புது அடுப்பு வேண்டும் என்றால் ஆகஸ்ட் டிவிடெண்ட் வரட்டும் என்பான். ஆகஸ்ட் வரும், அடுப்பும் வரும். சொன்னால் செய்கிறவன்.

ஆனால் ஒரு பங்கு மட்டும் வேறு ரகம். டிவிடெண்ட் என்று பேருக்குக்கூட ஒன்றும் தராது, வளரும். அதை அவன் கண்டுபிடித்த கதையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஊசி முதல் உப்பு வரை எதை எடுத்தாலும் ஒன்றிரண்டு டாலருக்கு விற்கும் மலிவுக்கடை ஒன்று சிட்னியில் திறந்தார்கள். நாடு முழுக்க அவர்களுக்குக் கடை. ஹெக்டர் தினமும் போய் எதிர் பெஞ்சில் ஒரு டீயை வைத்துக்கொண்டு, உள்ளே போகிறவர்கள் எத்தனை பை சுமந்து வெளியே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். இரண்டாவது வாரம் காவலாளி வந்து, "பெரியவரே, யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டான். எஃபிக்கு மானம் போய்விட்டது.

"வெறும் மெழுகுவத்தி வாங்க வந்தவ ரெண்டு பை தூக்கிட்டுப் போறா, ஜெஸ்ஸி. ஊருக்குக் கஷ்டம் வந்தா கூட்டம் இன்னும் கூடும். நம்ம ஊருக்குக் கஷ்டம் எப்பவும் இருக்கு," என்றான் என்னிடம்.

வாங்கினான். அதற்கு வீட்டில் 'பையன் பங்கு' என்று பெயர். பையன் என்றால் அலஸ்டர். ஒரே பிள்ளை.

அலஸ்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலை மூன்று முறை பந்தடித்து உடைத்தவன், மூன்று முறையும் தானே வந்து கதவைத் தட்டி, "ஜெஸ்ஸி அத்தை, நான்தான்," என்று சொன்னவன். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே லியோ பெட்ரியின் படகில் கூண்டு இறக்கிச் சிங்கி இறால் பிடிக்கப் போவான். மே மாதக் குளிரில் விடியற்காலை எழுப்பினால் எந்தப் பையன் சிரித்துக்கொண்டு எழுந்திருப்பான்? இவன் எழுந்திருப்பான். "அவனுக்கு உடம்புல ரத்தம் ஓடலை, உப்புத்தண்ணி ஓடுது," என்பான் லியோ. ஆனால் படகும் இறால் பிடிக்கிற அரசாங்க உரிமமும் இல்லாதவனுக்குக் கடலில் இரண்டு மாதச் சீசன் கூலிதான். இரும்பாலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. இருபது வயதில் மற்ற பையன்களோடு நாட்டின் மறுகோடி ஆல்பர்ட்டாவுக்குப் போனான், எண்ணெய் மண் தோண்டுகிற இடத்துக்கு. கல்யாணம் கட்டினது நம் ஊர்ப் பெண்ணைத்தான், ட்ரீனா. குழந்தை ஐலா. அவர்கள் இங்கே, அவன் அங்கே. மூன்று வாரம் அங்கே வேலை, ஒரு வாரம் இங்கே வீடு. அந்த ஒரு வாரத்திலும் இரண்டு நாள் விமானத்தில் போய்விடும். ஐலாவுக்கு அப்பா என்றால் முதலில் டெலிபோன் திரைதான் ஞாபகம் வரும். அவன் நேரில் வந்து நின்றால் இவள் ட்ரீனாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிவாள்.

அவனை ஊருக்குக் கொண்டுவருவதற்குத்தான் பையன் பங்கு. லியோ ஒரு நாள் ஓய்வு பெறுவான், அன்றைக்கு அவனுடைய உரிமத்தையும் படகையும் அலஸ்டருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். ஹெக்டர் வெளியே சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும், எஃபிக்குத் தெரியும், லியோவுக்கும் தெரியும். பாதியை மாகாணக் கடன் வாரியம் தரும், மீதியைத் தான் போட வேண்டும். டராபிஷ் ஆடும்போது எஃபி எப்போதாவது, "இன்னுமா வளரலை அது?" என்று கேட்பாள். ஹெக்டர் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் விரித்துக் காட்டுவான், சின்ன இறாலைத் திருப்பிப் போடப் படகில் அளக்கிற அளவுகோல்போல். "இன்னும் அளவு வரலை. திருப்பிக் கடல்ல போடு."

ஒரு செப்டம்பரில் லியோ வந்தான். அன்று சீட்டு கலைக்கவில்லை. அலஸ்டர் ஊரில் இருந்த வாரம் அது. அவனும் மேசையில் இருந்தான்.

"டாக்டர் என் நெஞ்சைப் பாத்துட்டு, இனிமே கூண்டு தூக்குனா கூண்டோட போயிடுவேன்னுட்டார்," என்றான் லியோ. "ஹாலிஃபாக்ஸ்ல மக வீட்டோட போயிடப் போறோம். உரிமம், படகு, கூண்டு, எல்லாத்தையும் ஒரே கையில குடுக்கணும். உன் கையிலதான் குடுக்கணும்னு ஆசை, அலஸ்டர்."

உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவன்தான் படகில் போக வேண்டும், அது சட்டம். காசு இருக்கிறது என்று டொராண்டோக்காரன் எவனும் வாங்கிப் போட்டுவிட்டுக் கூலிக்கு ஆள் வைக்க முடியாது. அதனால் உரிமம் எப்போதாவதுதான் கைமாறும். எங்கள் துறையில் அதற்கு முன் கைமாறி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அலஸ்டர் அப்பாவைப் பார்த்தான். முப்பத்துமூன்று வயது ஆம்பிளை, ஜன்னலை உடைத்த பையன்போல முகம் ஆகிவிட்டது.

"அளவு வந்துடுச்சு," என்றான் ஹெக்டர்.

எஃபி ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஓட்ஸ் பிஸ்கட் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினேன், கண்ணைத் துடைக்கத்தான். லியோ எழுந்து ஹெக்டரின் தோளில் ஒரு அறை அறைந்தான். "நவம்பர் கடைசிக்குள்ள முன்பணம் குடுத்துடு. நெஞ்சு ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போயிடறேன்."

"ஜனவரி," என்றான் ஹெக்டர்.

"எது ஜனவரி?"

"பணம். ஜனவரி முதல் வாரம், முழுசா, ஒரே செக்கா."

அவன் விளக்கிச் சொன்னான், தப்பில்லாமல். பங்கு விற்ற லாபத்தில் பாதியை அந்த வருட வருமானத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். வருமானம் ஒரு கோட்டைத் தாண்டினால் முதியோர் பென்ஷனிலும் கைவைப்பார்கள். அந்த வருடம் ஏற்கெனவே அவனுடைய குழாய்க் கம்பெனி ஒன்றை வேறொருவன் வாங்கி, அந்த லாபம் கணக்கில் ஏறியிருந்தது. அந்தக் காசையும் கையோடு வேறு பங்கில் போட்டுவிட்டான். இப்போது இதையும் விற்றால் வரிக்காரன் வாரிக்கொண்டு போவான். ஜனவரி பிறந்துவிட்டால் புது வருடம், புதுக் கணக்கு. வரியும் அதற்கடுத்த வருடம் ஏப்ரலில் கட்டினால் போதும். அதற்கு மேல் கிறிஸ்மஸ் வியாபாரம் வேறு. டிசம்பரில் அந்தக் கடை வாசலில் வரிசை தெருவரைக்கும் நிற்கும், பங்கு இன்னும் ஏறும்.

"வரி எவ்ளோ மிச்சமாகும்?" என்று கேட்டேன்.

சொன்னான். நல்ல தொகைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"படகுக்கு ஒரு இன்ஜினை மாத்தலாம், ஜெஸ்ஸி. அவனுக்குத்தானே?"

எஃபி ஏப்ரனை இறக்கினாள். "ஹெக்டர், வர்றதை வாங்கிப் போடு. வரியைக் கட்டித் தொலை. சாமி கதவைத் தட்டறப்போ, இரு, கணக்குப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லுவியா?"

"மூணு மாசம்தான் எஃபி. பதினொரு வருஷம் காத்தவனுக்கு மூணு மாசம் தெரியாதா?"

"அப்பா சொல்றபடியே செய்யலாம்மா," என்றான் அலஸ்டர். "பங்கு விஷயத்துல அப்பா எப்பத் தப்பாச் சொன்னாரு?"

லியோவும் தலையை ஆட்டினான். "நவம்பர் கடைசிவரைக்கும் யாருக்கும் கைகுடுக்க மாட்டேன். அப்புறம் பாக்கலாம்." துறையில் பத்திரம் பிறகுதான், கைகொடுத்தால் பேரம் முடிந்தது. அன்று அவன் ஹெக்டருக்குக் கை கொடுக்கவில்லை. நான் பார்த்தேன். ஹெக்டரும் கேட்கவில்லை, காசு இன்னும் தன் கைக்கு வரவில்லையே என்று.

அலஸ்டர் வசந்தத்தோடு வேலையை விடப்போவதாக அங்கே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான். அக்டோபரில் வந்தபோது லியோவின் கொட்டகையில் உட்கார்ந்து கூண்டுகளுக்குப் புது வலை பின்னினான். ஐலாவைக் கூட உட்கார வைத்துக்கொண்டான். வாயெல்லாம் பல். எஃபி கம்பளிக் கையுறைகள் பின்னத் தொடங்கினாள், கடலுக்குப் போகிறவனுக்கு ஈரத்தில் சுருங்கும் என்று ஒரு அளவு பெரிதாக. பங்கும் ஏறிக்கொண்டே இருந்தது. ஹெக்டர் ரோட்டில் நடந்தால் கால் தரையில் பாவவில்லை.

டிசம்பர் முதல் வாரம் லியோ வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சொந்த வீடுபோல் நுழைகிறவன், வாசற்படியிலேயே நின்றான். நான் எஃபிக்கு ரொட்டிமாவு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆபரேஷனை முன்னாடியே வச்சுட்டாங்க, ஹெக்டர். வர்ற செவ்வாக்கிழமை. நான் கத்திக்குக் கீழ போயிட்டுத் திரும்பலைன்னா உரிமத்தை வச்சுக்கிட்டு என் பெண்டாட்டி ஒருத்தியா என்ன பண்ணுவா? நம்ம துறைப் பையன் கெவின், வாங்கிக்கறேன்னு வந்தான். அவன் மாமன் முழுக்காசும் போடறான்."

"நாளைக்கே வித்துடறேன்," என்றான் ஹெக்டர். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "வரி போகட்டும். நாளைக்குக் காலையில பாங்க் திறந்ததும். லியோ, நாளைக்கு!"

லியோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கைகுடுத்துட்டேன்."

"லியோ…"

"நவம்பர் கடைசின்னு சொன்னேன், ஹெக்டர். அதுக்கு மேலயும் ஒரு வாரம் பாத்தேன். நீ வருவேன்னு பாத்தேன்."

கைகொடுத்ததைத் திருப்பி வாங்கச் சொல்லி எங்கள் துறையில் யாரும் கேட்க மாட்டார்கள். ஹெக்டரும் கேட்கவில்லை. நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்து, அதில் உட்கார்ந்தான். எஃபி கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்கே கத்த வேண்டும்போல் இருந்தது. அடப்பாவி, ஒரு இன்ஜினுக்காகவா என்று வாய்வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மாவைப் பிசைந்தேன்.

அலஸ்டரிடம் ஹெக்டரே டெலிபோனில் சொன்னான். நான் கூடவே இருந்தேன், எஃபி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பையன் சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

"பரவாயில்லப்பா. வேற ஒண்ணு வரும். நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

திட்டியிருக்கலாம் அவன். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கிறிஸ்மஸுக்கு வந்தான். ஐலா முதல் முறையாக ஒளியாமல் விமான நிலையத்தில் அவன் காலைக் கட்டிக்கொண்டாளாம். கெவினைத் தேடிப் போய் வாழ்த்துச் சொன்னான். இருவரும் ஒரே வகுப்புதான். கூண்டுகளுக்குத் தான் பின்னி மீதி இருந்த வலையையும் அவனிடம் கொடுத்தான். வசந்தத்தில் விட இருந்த வேலையை மேஸ்திரியிடம் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஜனவரியில் மறுபடி விமானம் ஏறினான். அவன் ஏறின அதே வாரம் ஹெக்டர் பையன் பங்கு முழுவதையும் விற்றான். கிறிஸ்மஸ் வியாபாரத்தில் அது அவன் சொன்னதைவிடக் கூடுதலாகவே ஏறியிருந்தது. வரியும் அவன் சொன்னபடியே மிச்சமாயிற்று. அடுத்த உரிமத்துக்கு இருக்கட்டும் என்று பணத்தை அப்படியே பாங்கில் போட்டான். ஒன்றில்கூட அவன் கணிப்புத் தப்பவில்லை. நான் இதை யாரிடம் சொல்லி அழுவது?

பிப்ரவரியில் ஒரு பகல். நான் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வண்டி மெதுவாக வந்து எங்கள் சந்தில் திரும்பியது. முன்சீட்டில் பாதிரியார் உட்கார்ந்திருந்தார். பாதிரியார் போலீஸ் வண்டியில் வந்தால் என்ன என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். என் வீட்டைத் தாண்டட்டும், என் வீட்டைத் தாண்டட்டும் என்றுதான் முதலில் வேண்டினேன், எனக்கும் அதே ஆல்பர்ட்டாவில் ஒரு தங்கை மகன் இருக்கிறான். தாண்டியது. ஹெக்டர் வீட்டு வாசலில் நின்றது. நான் துணியைப் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் பனியில் ஓடினேன்.

வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி. பனி உறைந்த ரோடு. மரம் ஏற்றிவந்த லாரி. நான்கு பேர், அதில் அலஸ்டரும்.

அவன் வழக்கமாக வருகிற விமானத்திலேயே அவனைக் கொண்டுவந்தார்கள். புயலில் ஒரு நாள் ஹாலிஃபாக்ஸில் நின்று, பிறகு வந்தது. ஹெக்டர் சவப்பெட்டியின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றான், படகு அலையாமல் பிடித்துக்கொள்வதுபோல. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "விதி, ஹெக்டர். உன் தப்பு எதுவும் இல்லை," என்றார்கள். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. யாரும் சொல்லாததற்கு எதற்கு எல்லாரும் பதில் சொன்னார்கள்? கெவின் வந்து ஹெக்டர் முன்னால் நிற்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய் விறகை அடுக்கினான். லியோ ஆபரேஷன் முடிந்து நடக்க முடியாதவன், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஹெக்டரும் அவனும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

செத்த வீட்டுக்கும் டிவிடெண்ட் வந்தது. பாங்க், விளக்கு, டெலிபோன், யாரும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. எஃபி அவனிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள், நான் இருக்கும்போதே. "அந்தப் பணத்தை மட்டும் என் கண்ணுல காட்டாதே, ஹெக்டர். உன்னைப் பாத்துக்கிட்டு இருந்துடுவேன். அதைப் பாக்க மாட்டேன்."

புதன்கிழமைச் சீட்டு நின்றுபோனது. ஹெக்டர் காலையில் கிளம்பித் துறைமேடைவரை போவான், வருவான். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான். ஐலா பக்கத்தில் வந்தால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வான். அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல நேரமாகும். ட்ரீனாவுக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணேன் என்றேன். "அவளுக்கு வேறே வச்சிருக்கேன், ஜெஸ்ஸி. டிவிடெண்ட் பங்கு எல்லாம் அவ பேருக்கும் குழந்தை பேருக்கும் எழுதிட்டேன்," என்றான். "அப்ப இந்தப் பணம்?" என்று கேட்டேன். "அது அவனோடது," என்றான்.

மே மாதம் கூண்டு இறக்குகிற நாள் வந்தது. வருடத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் எங்கள் ஊர் முழுவதும் விடியுமுன் எழுந்து துறைமேடையில் நிற்கும். படகுகள் ஆள் உயரத்துக்கு மேலே கூண்டு அடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்க, பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். பெண்கள் டீயும் வெல்லப்பாகு பிஸ்கட்டும் கொடுப்போம். எஃபி வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஹெக்டரைத் தனியாக விட மாட்டாள் அவள். அவன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

முதல் படகு கெவினுடையது. லியோவின் படகாக இருந்தது. கயிற்றை அவிழ்க்கப் போகிற நேரம், ஹெக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை விளிம்புக்குப் போய் நின்றான்.

"கெவின்."

"சொல்லுங்க, ஹெக்டர்." பையன் முகம் வெளுத்துவிட்டது.

ஹெக்டர் கோட்டுக்குள்ளிருந்து பாங்க் டிராஃப்டை எடுத்தான். "உரிமத்துக்கு விலை சொல்லு. நீ குடுத்ததுக்கு மேலயே தர்றேன். எவ்ளோன்னு சொல்லு."

கெவின் இன்ஜினை நிறுத்தினான். பாதிரியாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஹெக்டர், காசு என்னங்க காசு… உரிமத்தை யார் பேருக்கு எழுதறது? யாரு இதுல கடலுக்குப் போவா?"

"அது உனக்கு எதுக்கு? நான் என்ன பைத்தியமா? அவன் வர மாட்டான்னு எனக்குத் தெரியாதா?" ஹெக்டரின் குரல் ஒரே மட்டமாக இருந்தது, டராபிஷில் புள்ளி சொல்கிற மாதிரி. "வாங்கித் தர்றேன்னு சொன்னேன்டா. அவன்கிட்டச் சொன்னேன். வாங்கணும். இன்னிக்கே வாங்கணும்."

டிராஃப்டைப் படகுக்குள் நீட்டினான். கெவின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், வாங்கினால் என்ன ஆகுமோ என்கிற பயத்தில். நீட்டின கை அப்படியே நின்றது, கடல்காற்றில் அந்தக் காகிதம் படபடத்தது. எஃபி நடந்து போய் அவன் கையிலிருந்து அதை வாங்கினாள். கண்ணில் காட்டாதே என்று சொன்னவள், அதை நாலாக மடித்துத் தன் ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு, அவன் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

"வா," என்றாள். "குளிருது."

அப்போதுதான் அவன் அழுதான், ஊர் முழுவதும் பார்க்க.